மேற்சரிவின் நீர்

திங்கட்கிழமை காலை விடுதித் தொலைபேசியில் கெல்சென்கிர்ச்சன் நகரிலிருந்து றெஜினா அவர்களின் தமையனார் பேசினார். "மாஸ்டர், தங்கச்சி எங்களை விட்டிட்டுப் போட்டா." நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மன்னாரில் குளங்களின் நீர்மட்டம் பார்த்தவர் றெஜினா அவர்கள். ஜேர்மனியில், இந்தப் பவேரிய மலையடிவாரத்து அகதிகள் விடுதியில்தான் அவரை அறிந்தேன். மலையில் பனி அளக்க நீர்வள அலுவலகம் ஆள் கேட்டபோது முதலில் கையை உயர்த்தியவர் அவர். கணிதம் படிப்பித்தவன் என்பதால் என்னையும் இழுத்துப்போனார்.

ஒரு குழாயைப் பனியின் அடிவரை செங்குத்தாக இறக்கி, நிறைந்த குழாயைத் தூக்குத் தராசில் நிறுப்போம். வெறுங்குழாயின் நிறையைக் கழித்தால் அந்த இடத்தில் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்று தெரியும். ஆழம் மட்டும் பார்த்தால் போதாது. புதுப்பனி பஞ்சு போன்றது. காற்று இறுக்கிய பனி கல். "இந்த ஊரிலை குளம் மலையிலை படுத்திருக்கு, மாஸ்டர்" என்பார்.

கனத்த பனி கிடந்த மேற்சரிவு பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்தது. புகலிடம் கேட்டிருந்த நாங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் எங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. குளிர்காலந்தோறும் அன்ட்ராக், அதாவது அனுமதி விண்ணப்பம், கொடுத்தோம். ஒரேயொரு முறை அனுமதி வந்தது, சரிவில் பசுக்கள் மேயத் தொடங்கிய பிறகு.

அடுத்த மாசியில் அவர் பொறுமை இழந்தார். எல்லைப் பலகையருகே நான் நின்றுவிட்டேன்.

"பிள்ளை, பொலிஸ் கண்டால்?"

"நீங்கள் தராசோடை அங்கையே நில்லுங்கோ, பயந்தாங்கொள்ளி மாஸ்டர். தண்ணியை நான் கொண்டாறன்."

மேற்சரிவில் ஏறி, பனி நிறைந்த குழாயின் வாயைக் கையுறையால் பொத்தியபடி இறங்கினார். எங்கள் பக்கத்துக் கீழ்ச்சரிவைவிட ஏறக்குறைய இருமடங்கு நிறை. நம்பாமல் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். "உங்கடை முகத்தைப் பாத்தா தராசுக்கே சந்தேகம் வரும்" என்று சிரித்தார்.

நீர்வள அலுவலகப் பொறுப்பாளர் அந்த எண்களைக் கோடிட்டு அடித்துவிட்டார். உங்களுக்கு அங்கே நிற்க அனுமதி இல்லை, ஆகவே அது அளவீடும் இல்லை என்று மிகுந்த மரியாதையோடு விளக்கினார். றெஜினா அவர்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "அப்ப தண்ணியும் இல்லையாமோ?"

சித்திரையில் ஆறு கரைமீறி விடுதியின் நிலவறைக்குள் வந்தது. சலவை இயந்திரங்கள் மூழ்கின. அவர் படியில் நின்று சொன்னார்: "மாஸ்டர், இது பக்கத்து மாவட்டத்துத் தண்ணி. அனுமதிக் கடிதம் இருக்கோ எண்டு கேளுங்கோ."

அதன் பிறகும் மேற்சரிவை அளக்க விடவில்லை. அவரும் விண்ணப்பிப்பதை விடவில்லை. இந்தக் கார்த்திகையில் கொடுத்ததற்குப் பதில் வருமுன் நெஞ்சுவலி வந்துவிட்டது. இதய மருத்துவமனை இருப்பது பக்கத்து மாவட்டத்தில். அவரை ஏற்றிச் சென்ற வண்டியை எல்லையில் எவரும் மறிக்கவில்லை. சாகக் கிடந்தவருக்குத் திறந்த வழி, வேலை செய்ய நின்றவருக்கு ஏன் திறக்கவில்லை? யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மேற்சரிவின் அடியிலுள்ள இந்தத் தேவாலய வளவிலேயே அடக்கம் என்று தமையனார் தீர்மானித்தார். எல்லை தாண்டி இங்கே வர நான் அனுமதி கேட்டேன். வெளிநாட்டவர் அலுவலகம் என்னைச் சந்திக்கத் தந்த நாள், டெர்மின், வருகிற செவ்வாய். இன்று வியாழன்.

எனவே இந்தத் தாளை உங்கள் முன் நின்று வாசிக்க எனக்கு உரிமை இல்லை. குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள். பாதி துக்கம், பாதி பயம்.

வெளியே, குழிக்காக வெட்டிய பனி ஓரமாகக் குவிந்திருக்கிறது. வரும்போது ஒரு கட்டியைத் தூக்கிப் பார்த்தேன். சரியான பாரம், பிள்ளை. போயிட்டு வாரும்.