போத்தனூர் பட்டறையில் பூட்டிய பந்தய வண்டி

சனிக்கிழமை, காலை 6.40. போத்தனூர் சந்திப்பில் இறங்கினேன். சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டவே பயந்து சாகிற ஆள் நான். மண் தடத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தாவவிடும் பந்தயத்தைப் பார்க்க ஐந்நூறு கிலோமீட்டர் வந்ததை வீட்டில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். காதர் பாய் லேத் என்றதும், "பம்பு பாய்ங்களா?" என்று கேட்ட ஓட்டுநர், வழி எதுவும் விசாரிக்காமல் கொண்டுபோய் விட்டார்.

காதர் பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் பம்புகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுவது தொழில். பட்டறை நடுவே, சாக்கின் மேல், மெலிந்த வெள்ளாடு மாதிரி நின்றது வண்டி. நாற்பது வயதைத் தாண்டிய, இருநூற்றைம்பது சிசி மோட்டோகிராஸ். சொந்தக்காரர் அமுதா, பல்லடத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். அவிநாசியில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்தவரும் அவர்தான், நாளைக்கு ஓட்டப்போகிறவரும் அவர்தான்.

எனக்குக் கேள்விகள் தீரவில்லை. இதில் எது பழசு, எது புதுசு? பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டாம். வண்டியின் சட்டகமும் எஞ்சின் கூடும் பழையதாகவே இருக்க வேண்டும். உள்ளே என்ன மாற்றினாலும் கேட்பதில்லை. பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டுக்கும் கோவை கணபதியில் புது ஸ்பிரிங் சுற்றி வாங்கியிருந்தார்கள். பிஸ்டன் எங்குமே கிடைக்காததால், வேறொரு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து, அதற்கேற்ப சிலிண்டருக்கு உள்ளுறை வார்த்து, பாயே பூட்டியிருந்தார். "காத்துகூடப் போகாதுங்க" என்றார். அவர் பெருமைப்பட்டதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

ஒரு சங்கடமும் இருந்தது. முந்தைய இரண்டு பந்தயங்களிலும், ஒருமுறை கியர் உடைந்து, ஒருமுறை இக்னிஷன் காயில் எரிந்து, வண்டி பாதியில் நின்றிருக்கிறது. பழைய வண்டிகளைக் கண்ணாடி அறையில் நிறுத்தி அழகு பார்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் இதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த முறையும் முடிக்காவிட்டால் கொடுத்துவிடுவதாக அமுதா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே பாய் எழுந்து லேத் பக்கம் போய்விடுகிறார்.

ஞாயிறு, காலை 5.30. வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எண்பது கிலோமீட்டர் சொச்சம். அவிநாசியில் டீ, பதினைந்து ரூபாய். பெருந்துறை தாண்டி, சோளம் அறுத்த காட்டில் செம்மண்ணை மேடு மேடாகக் குவித்துத் தடம் போட்டிருந்தார்கள். ஒரு சுற்று ஒன்றரைக் கிலோமீட்டர்.

9.15. ஒத்திகை ஓட்டம். மூன்றாவது சுற்றில், மேட்டிலிருந்து இறங்கிய வண்டியின் பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. அமுதா சட்டென்று கிளட்சை அமுக்கி, விழாமல் ஓரம் கட்டினார். எஞ்சின் அசையவில்லை. வேலியோரம் நின்ற பெங்களூர்க்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அவர்மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

ஆறியதும் சிலிண்டரைக் கழற்றினார்கள். பிஸ்டனின் இரு பக்கமும் நீள நீளமாகக் கீறல். பாய் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள ஓடறதுக்குப் பூட்டற மாதிரி பூட்டிப்போட்டேன் அம்மணி" என்றார். "இது காத்துல ஓடறதுங்க."

பம்பு எப்போதும் தண்ணீருக்குள் கிடப்பது. சூடு அதிகம் ஏறாது. இறுக்கிப் பூட்டியே பாயின் கை பழகிவிட்டது. இந்த எஞ்சினுக்கு எதிர்க்காற்று ஒன்றுதான் குளிர்ச்சி. சூட்டில் பிஸ்டன் பருக்குமே, அதற்கு அவர் இடமே விடவில்லை.

"தேய்ச்சு உடுங்க பாய்" என்றார் அமுதா. "சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது."

பிஸ்டன் தளர்வாக இருந்தால் வரும் அந்தச் சத்தம்தான் பாய்க்குக் கௌரவக் குறைச்சல். ஆனாலும் எமரித் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மயிரிழை மயிரிழையாகச் சிலிண்டரைத் தேய்த்து, பிஸ்டனின் கீறல்களை வழித்து, மறுபடி பூட்ட மூன்று மணி நேரம் ஆனது. பெட்ரோலில் கழுவித் தருவது என் வேலை. மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை.

2.40. எட்டு வண்டிகள், ஆறு சுற்று. எங்கள் வண்டி டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியதுபோல் கத்திக்கொண்டு கிளம்பியது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்று வந்தது. அதே மேடு. வண்டி ஏறியது, தாவியது, இறங்கியது, போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவதாக வந்து முடித்தார் அமுதா. நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது.

பெங்களூர்க்காரர் வந்து, இப்போதாவது விலை பேசலாமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. வண்டி ஓடிருச்சுங்க" என்றார் அமுதா. வந்தவர் சிரித்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

மாலை 6.20. இருபது கிலோமீட்டர் தள்ளி ஈரோடு சந்திப்பில் பாய் என்னை இறக்கிவிட்டார். அந்தச் சத்தம் உங்களுக்கு உறுத்தவில்லையா என்று கேட்டேன்.

"உறுத்துச்சுங்க" என்றார். "முப்பத்தஞ்சு வருசமா எத்தனையோ பூட்டியிருக்கறனுங்க. எல்லாம் ஆயிரம் அடிக்குக் கீழ போயிருது. நான் பூட்டுனது ஓடறதை இன்னைக்குத்தானுங்க கண்ல பாத்தேன்."

சென்னையில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றிலும் ஒரு பம்பு பதினோரு ஆண்டுகளாக ஓடுகிறது. அதைப் பூட்டியது யார் என்று நான் கேட்டதே இல்லை.