பருந்தக்கா எண்ணிய ஒற்றை நிற மணிகள்

ஈ கொட்டாவி விட்டால் அதன் பல்லை எண்ணிச் சொல்லிவிடுவாள் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பேச்சு. அதனால்தான் அவளுக்குப் பருந்தக்கா என்று பெயர். மூன்று வருஷமாக மக்காச்சோள மணி எண்ணுவதுதான் வேலை. சிரிக்காதீர்கள். ஒரே குரோமோசோமில் அண்டை வீட்டுக்காரர்கள்போல இரண்டு மரபணுக்கள். நீல விளக்கடியில் ஒன்று மணியைச் சிவப்பாக மின்ன வைக்கும், மற்றது பச்சையாக. ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது இரண்டும் பிரிந்துபோனால், மணி ஒரே நிறத்தில் மின்னும். அந்த ஒற்றை நிற மணி நூற்றுக்கு எத்தனை? ஒன்பது என்று எழுதி வைத்திருந்தாள்.

பிறகு கேமரா வந்தது. கதிரின் அடியை ஒரு இடுக்கி கவ்விச் சுழற்றும். படம் எடுத்து, மணிகளைக் கம்ப்யூட்டரே எண்ணும். அவள் எண்ணிய அதே கதிர்களுக்கு அது சொன்னது, பதினாறு!

"ரெண்டுல ஒண்ணுதான் சரி. உங்களுது தப்புன்னா மூணு வருஷக் கணக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான்," என்றார் ஆராய்ச்சிக்கூடத் தலைவி மேடம்.

"மெஷினுக்கு வயசாகாதுக்கா," என்றார் கேமராவுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்த புரோகிராமர்.

அவர் வழுக்கையை ஒரு பார்வை பார்த்தாள். "முடியும் கொட்டாது, இல்ல?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வேறு காலையில், "நேத்து டீயில உப்பைப் போட்டவதானே நீ? டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு, வா," என்று கிண்டலடித்திருந்தார். நிஜமாகவே கண் போய்விட்டதோ?

ஒற்றை நிறம் என்று கம்ப்யூட்டர் வட்டமிட்ட மணிகளின் படங்களை வாங்கி உட்கார்ந்தாள். பருந்துக்கண் ஒன்றைக் கவ்வியது. வட்டங்கள் கதிர் முழுக்கச் சமமாகச் சிதறாமல், பஸ் வாசலில் முண்டியடிப்பதுபோல இடுக்கி பக்கமே அதிகம் மொய்த்திருந்தன. அங்கே ஏறக்குறைய அத்தனையும் பச்சை. தான் கதிரின் எந்த முனையில் இருக்கிறோம் என்று குரோமோசோமுக்கு என்ன தெரியும்?

கதிரைத் தலைகீழாக்கி, இடுக்கி நுனியைக் கவ்வும்படி மாட்டினாள். மறுபடி படம். கூட்டம் மொத்தமும் நுனிக்கு ஓடிவிட்டது.

"ஏங்க, அஞ்சு நிமிஷத்துல குரோமோசோம் வீடு மாத்திக்கிச்சா?"

புரோகிராமர் திரையை உற்றுப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "இடுக்கியோட நிழல்! சிவப்பு ஏற்கெனவே மங்கல். நிழல்ல செத்துப்போய், ரெண்டு நிற மணியிலயும் பச்சை மட்டும் தெரிஞ்சிருக்கு."

இடுக்கியை ஒட்டிய மணிகளை விட்டுவிட்டு எண்ணச் சொன்னார். திரையில் ஒன்பது.

"பழைய நோட்டெல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும்," என்றார் மேடம்.

பருந்தக்கா விட்ட பெருமூச்சில் மூன்று மேசைக் காகிதங்கள் பறந்தன. நாற்காலியோடு புரோகிராமரும் நகர்ந்ததாகக் கேள்வி.

வீட்டில் டீயை நீட்டினாள். "கண்ணு ஜோரா இருக்குதாம்."

"அப்போ நேத்து உப்பு?"

"அதா? வேணும்னே போட்டது."

அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், முதலில் முகர்ந்து பார்த்தார்.