வால்வும் வெள்ளை வேட்டியும்

என் கணவர் எங்கள் காரில் ஏறுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊட்டியில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகும்போது அந்தப் பழைய டீசல் கார் ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஓரங்கட்டலாம் என்று அவர் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். நான் சாவியைத் திருப்பினேன். கார் உயிர்பெற்றது, அது கக்கிய கரும்புகை மொத்தமும் அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது. மண்டப வாசலில் சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கீங்களா?" என்றார். கேலி இல்லை, பக்தியோடுதான் கேட்டார்.

"செத்தாலும் இனி அந்த வண்டில ஏற மாட்டேன்" என்று அன்று சொன்னவர், குன்னூர் மார்க்கெட்டுக்குக்கூட பஸ்ஸில் போனார். சில நாள் அந்த பஸ்ஸின் பின்னாலேயே நான் காரில் போவேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து சீட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஈ.ஜி.ஆர். வால்வு என்றார் மெக்கானிக். என்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தை என்ஜினையே திரும்ப விழுங்க வைக்கும் சாமான் அது. கரி பிடித்து, மூட முடியாமல் வாயைப் பிளந்து நின்றுவிட்டதாம். மாற்றித் தரச் சொன்னால் இன்று, நாளை என்று இழுத்தார். கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து புது வால்வை வரவழைத்து, ஒரு ஞாயிறு காலை, நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் வாசலிலேயே பானட்டைத் திறந்துவிட்டேன்.

மலைச்சரிவில் எங்களுக்கு நேர் மேலே இருக்கும் வீட்டுக்காரர், வெலிங்டனில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். முட்டிவலி, படி இறங்க மாட்டார். இறங்க வேண்டியதும் இல்லை. அவர் வாசலில் நின்று குனிந்தால் என் என்ஜின் முழுவதும் தெரியும்.

"ஏனுங்க அம்மணி, மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க!"

கழற்றினேன். நான்கு போல்ட்டையும் கழற்றிப் பழைய வால்வை வெளியே எடுத்தேன். பால் தீய்ந்த சட்டிபோல் இருந்தது. புதியதை வைத்து மூன்று போல்ட்டை முடுக்கினேன். நான்காவது கைநழுவி, சரிவில் உருண்டு, காருக்கு முன்னால் சௌசௌ என்கிற மேரக்காயின் பந்தலடியில் போய் நின்றது.

"அம்மணி, அசையாதீங்க. காட்டெருமை!"

மேரக்காய் தின்ன வழக்கமாக வருவதுதான். எங்கள் வேலியை அது என்றும் மதித்ததில்லை. சரியாக என் போல்ட்டின் மேல் வந்து நின்றது. நான் நழுவி டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அந்நேரம் பார்த்துக் கணவர் மஞ்சப்பையோடு கேட்டைத் திறந்து வந்தார். வீட்டுக் கதவுக்கும் அவருக்கும் நடுவே எருமை. இரண்டடியில் கார். நான் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தேன்.

மனிதர் யோசித்தார். உண்மையாகவே நின்று யோசித்தார். எருமையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். செத்தாலும் என்று சொன்னதைச் சோதித்துப் பார்க்க எருமையும் தயாராகத்தான் இருந்தது. அது ஒருமுறை சீறியதும் பையோடு உள்ளே வந்து விழுந்தார்.

"இது ஏறுனதுல சேராது" என்றார்.

"சரிங்க" என்றேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திறந்த பானட் மறைத்ததில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்வீட்டுக்காரர்தான் கிரிக்கெட் வர்ணனைபோல் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலாவது மேரக்கா திங்குதுங்க... இப்பச் சாணி போடுது..." கணவர் பையிலிருந்து பேக்கரி வர்க்கியை எடுத்துத் தின்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

எருமை போன பிறகு போல்ட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சாணத்துக்குள் இருந்தது. கழுவித் துடைத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போல்ட்டை முடுக்கி, பேட்டரி வயரை மாட்டி, பானட்டைச் சாத்தினேன். நாளைக்கும் பஸ்தான் போல என்று மனசு கனத்தது.

அவர் திரும்பி வந்தபோது புது வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நேராகப் போய்க் காரின் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றார்.

"ம். ஸ்டார்ட் பண்ணு புள்ள."

சாவியைத் திருப்பினேன். "நல்லா மிதிங்க அம்மணி!" என்று மேலிருந்து குரல் வந்தது. மிதித்தேன். அவர் குனிந்து வேட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து, எருமை எதுவும் துரத்தாமலேயே ஏறி உட்கார்ந்தார்.