அப்பா தூங்காத மே மாதம்

அந்த வருடம் முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே எங்கள் வீட்டில் காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா நைட் ஷிப்டுக்கு மாறியிருந்தார். திருமழிசையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் தகடு அடிக்கிற வேலை. காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் வந்து இறங்குவார். அதே நேரத்தில் அம்மா நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு ஓடுவாள். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் அவள் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் அவள் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்ற, ஒருவர் மாட்ட, அந்த இரண்டு நிமிடத்தில் குழம்பைப் பற்றியும் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. லீவில் பிள்ளைகளை அப்பா பார்த்துக்கொள்கிறார் என்பது அக்கம்பக்கத்துக்குச் சொன்ன பேச்சு. அப்பா குளித்துச் சாப்பிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் பாயில் சாய்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம்: சத்தம் கூடாது. ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் சத்தமில்லாமல் சண்டை போடுவது லேசான காரியமில்லை. நாங்கள் பழகிக்கொண்டோம். நான் கிள்ளினால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதில் தம்பி தேர்ந்துவிட்டான். தெருவில் மற்ற பிள்ளைகள் கத்தி விளையாடுவது கேட்கும். கதவைத் திறந்துகொண்டு போகக் கூடாது. மதியம் கரண்ட் போனால் எனக்கு உள்ளூர சந்தோஷம். அப்பா வியர்த்துப்போய் எழுந்து உட்காருவார். "சாப்டியாமா? தம்பி சாப்டானா?" என்பார். நான் ஏதாவது கதை சொல்ல ஆரம்பிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும், அவர் மறுபடி சாய்ந்துவிடுவார்.

எனக்கு அப்பாமேல் வருத்தம். அதை வருத்தம் என்று சொல்லத் தெரியாததால் அப்பா சோம்பேறி என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை முகப்பேரிலிருந்து மாமாவும் அத்தையும் சாப்பிட வந்தார்கள். மாமா அம்மாவின் அண்ணன். தங்கையை வேலைக்கு அனுப்பிவிட்டார் என்று அவருக்கு அப்பாமேல் ஒரு குறை உண்டு. கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார். "லீவுல இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? அப்பா நல்லா பாத்துக்கிறாரா?"

"அப்பா எங்க மாமா பாத்துக்கிறாரு? பகலெல்லாம் தூங்கிகினேதான் கீறாரு. நான்தான் தம்பியையும் பாத்துக்கிறேன், அப்பாவையும் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குப் பெரியவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி விடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக் காட்டினேன். அத்தைக்குப் புரையேறிவிட்டது.

"குடுத்து வெச்ச ஆளுய்யா மாப்ளே நீ. அவ ட்ரெய்ன் புடிக்க ஓடிகினு கீறா, நீ கொறட்ட உட்டுகினு கீற," என்றார் மாமா.

அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா மட்டும் ரசம் எடுத்துவரப் போனாள். யாரும் ரசம் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அப்பா வேலை முடிந்து வந்து குளித்தார், சாப்பிட்டார். போர்வையைக் கட்டவில்லை. பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. "வாமா, தாயம் ஆடலாம்," என்று சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டார். என்னால் நம்ப முடியவில்லை.

அதன்பிறகு வந்த பன்னிரண்டு பதின்மூன்று நாட்களைப்போல ஒரு லீவு எனக்கு வாய்க்கவில்லை. சோடா மூடியைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு நூல் கோத்து, விர்ரென்று சுற்றக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் டிரம்மில் தம்பியை உட்காரவைத்துக் குளிப்பாட்டினார். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். கோணலாக இருந்தாலும் நான் அவிழ்க்கவில்லை. சில சமயம் ஆட்டத்தின் நடுவே, தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே அசையாமல் இருந்துவிடுவார். ஸ்டேச்சு விளையாடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். தம்பி மூக்கைப் பிடித்து இழுத்ததும், "இன்னாடா, யார் ஆட்டம்?" என்று திடுக்கிட்டுக் கேட்பார்.

"கண்ணெல்லாம் செவந்துகீது, படுத்தியா இல்லியா?" என்று அம்மா கேட்டால், "நல்லா தூங்கினேன்," என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அம்மாவிடம் சொல்லக் கூடாத ரகசியம் ஒன்று எனக்கும் அப்பாவுக்கும் இருந்தது. நான் அதைக் கட்டிக்காத்தேன். காட்டிக்கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்தது, அப்பா இறங்கவில்லை. அம்மா ட்ரெயினை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் ஆட்டோவில் அவரைக் கூட்டிவந்தார். வலது கையில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டு.

"ரெண்டு வெரலு போச்சிமா," என்று அந்த ஆள் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "கண்ணு அசந்துட்டாரு. கைய எடுக்கறதுக்குள்ள மிஷின் எறங்கிடுச்சி. காயம் ஆற வரைக்கும் ஊட்லயே இருக்கட்டும்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

போன மாதம் என் மகளுக்கு லீவு விட்டபோது, வேலையையும் வைத்துக்கொண்டு இவளை எப்படிச் சமாளிப்பது என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "ஒங்கப்பாரு சூப்ரவைசராண்ட கெஞ்சிக் கேட்டு இல்ல நைட் ஷிப்டு வாங்கினாரு? புள்ளைங்கள உள்ள வெச்சிப் பூட்டிகினு போவ மாட்டேன்னுட்டாரு." இருபத்து மூன்று வருடமாக இது எனக்குத் தெரியாது. நாங்கள் தனியாக இருக்கக் கூடாதென்று வாங்கிய ஷிப்டு அது. அந்த மனிதரைத்தான் நான் சபையில் குறட்டை விட்டுக் கேலி செய்தேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அன்று சிரித்ததுபோலவே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துகொண்டு இன்னும் கேட்காமல் இருக்கிறேன்.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அப்பாவுக்கு அடிபட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எங்களைத் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டு, "அப்பா கை சீக்கிரம் ஆறணும்னு கண்ண மூடிகினு வேண்டிக்கோமா. புள்ளைங்க கேட்டா அம்மா குடுப்பா," என்றாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஸ்கூல் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரைக்கும் ஆறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"வேண்டிக்கினியா?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேண்டிக்கினேன்."

காயம் சீழ் வைத்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முனகல் சத்தம் கேட்டு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஸ்கூல் திறந்த அன்றும் அப்பா வீட்டில்தான் இருந்தார். என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையால் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். கோயிலைத் தாண்டும்போது, கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாளே என்று நான் அம்மனைப் பார்த்துச் சிரித்தேன்.