அடுத்தவர் பெயரில் ஒரு குரல்

உப்பு வண்டியின் சத்தம் முதலில் சன்னல் வழியாக வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே சத்தம் நான் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள்ளும் வந்தது. கல்லுப்பு, தூளுப்பு, கோலமாவு என்று பதிவு செய்த பெண் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டபடி எங்கள் தெருக்களைச் சுற்றும் மொபெட் அது. என் லேப்டாப் திரையில் ஓர் இளைஞன் வேலைக்கான நேர்காணலில் இருந்தான். புனேயில் தன் அறையிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருந்தான். எங்கள் ஊர் காவாந்தண்டலத்து உப்பு வண்டி புனேயில் எப்படிக் கேட்கும் என்று ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆளெடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. பெரும்பாலான நாட்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். எங்கள் வீட்டில் இன்டர்நெட் சரியாக வராது. அடுத்த தெருவில் அக்கா வீட்டில் கேபிள் இழுத்திருந்தார்கள். காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு முன்னறைக்குப் போய்விடுவேன். மாடியறையில் அக்காவின் கணவர், என் மாமா, தன் கம்பெனி வேலையைப் பார்ப்பார். மாடியில் நடப்பது அதுதான் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஆட்கள் கையில் சிக்கமாட்டார்கள். ஒருவனுக்கு வேலை கொடுத்தால், அதைக் காட்டி இன்னொரு கம்பெனியில் கூடுதல் சம்பளம் கேட்பான். சேருகிற நாளன்று காலையில் போனை அணைத்துவிடுவான். பிறகு காற்று மாறியது. விளம்பரம் இருக்கும், வேலை இருக்காது. இணையத்தில் பல மாதங்களாக நாங்கள் விளம்பரத்தை நீக்காமல் வைத்திருந்த சில வேலைகளுக்கு யாரையும் சேர்க்கும் எண்ணமே மேலே இருப்பவர்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். கம்பெனி வளர்கிறது என்று வெளியே தெரிந்தால் போதும் அவர்களுக்கு. விண்ணப்பிப்பவர்களும் சளைத்தவர்களில்லை. ஒரே மெஷின் எழுதிக்கொடுத்த மாதிரி பயோடேட்டாக்கள் வரும். நேர்காணலில் கேள்வி கேட்டதும் கண்கள் திரையின் ஓரத்துக்கு ஓடும். உதடு ஒருபக்கம் அசையும், குரல் வேறுபக்கம் வரும். வேறொருவரைப் பேசவைத்துத் தாங்கள் வாயை மட்டும் அசைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களைப் பிடிப்பது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்களோ என்று தோன்றும்.

மாமா சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நல்ல பெயர் எடுத்தவர். எதையும் ஓர் உதாரணத்தோடுதான் விளக்குவார். பேசத் தொடங்குமுன் தொண்டையை லேசாகச் செருமிக்கொள்வார். வீட்டில் அவர் குரல்தான் பெரிய குரல். அந்த வருஷம் அது அடங்கிப்போயிருந்தது. சாப்பாட்டுக்குக் கீழே வருவார், தட்டைப் பார்த்தே சாப்பிடுவார், மறுபடி மாடிக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவார்.

அக்காவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஒருநாள் அரிசி களைந்துகொண்டே என்னிடம் கேட்டாள்: "இன்னாடி, உங்க ஆபீசுல எல்லாம் கதவ சாத்திக்கினுதான் பேசுவீங்களா?"

"மீட்டிங்னா சாத்துவாங்கக்கா."

"மீட்டிங்குன்னா சத்தமா பேசுவாரு. இப்ப ரகசியமா பேசிக்கினு கீறாரு. நான் காபி எடுத்துக்கினு போனா பேச்ச நிறுத்திட்றாரு. வேற எவளாவது கீறாளோன்னு பயமா கீதுடி."

நான் சிரித்தேன். மாமாவுக்கு அந்த மாதிரி புத்தி கிடையாது என்றேன். ஆனால் அவள் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு மாடியில் நாற்காலி நகர்ந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரே வீட்டுக்குள் அக்கா அவரைக் கவனித்தாள், நானும் கவனித்தேன், நாங்கள் இருவரும் கவனிப்பது தெரிந்து அவரும் இன்னும் மெதுவாகப் பேசினார்.

உப்பு வண்டி வந்த அன்று கரண்ட் போயிருந்தது. இன்வர்ட்டரில் இன்டர்நெட் மட்டும் ஓடியது. மாடியறையில் ஃபேன் நின்றுபோனதால் மாமா சன்னலைத் திறந்துவைத்திருக்க வேண்டும். நேர்காணலில் என்னோடு எங்கள் கம்பெனியின் தொழில்நுட்ப அதிகாரி ஒருவரும் இருந்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அருமையாக வந்தது. அவர் எனக்குத் தனியாக, நல்ல ஆள், விடவேண்டாம் என்று செய்தி அனுப்பினார். அப்போதுதான் சத்தம் இரண்டாகக் கேட்டது. அதற்கடுத்த பதிலுக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல். பிறகு ஆங்கிலத்தில், ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று தொடங்கியது குரல். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, இளமையாக்கி வைத்திருந்தார். இருந்தாலும் அது மாமாதான்.

எத்தனையோ பேரிடம் சொன்னதைத்தான் சொன்னேன். "ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வாய் முழுசா தெரியுற மாதிரி பேசுங்க." திரையில் இருந்த பையன் விழித்தான். வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. இணைப்பு அறுந்தது. என் தலைக்கு மேலே நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

சற்று நேரத்தில் மாமா தண்ணீர் குடிக்கக் கீழே வந்தார். சொம்பை எடுத்தவர் குடிக்கவில்லை. என் குரலை அவரும்தான் கேட்டிருப்பார். நான் எந்தக் கம்பெனிக்கு ஆளெடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காசு கொடுத்து இப்படி அவரைப் பேசவைத்த ஏஜென்ட் ஒருவன், கம்பெனியின் பெயரைச் சொல்லாமலே இணைப்பு மட்டும் கொடுப்பானாம். நான் முதலில் பேசிய வார்த்தையிலேயே தெரிந்துவிட்டதாகவும், பாதியில் விட்டால் அந்தப் பையனின் வேலை போய்விடுமே என்று தொடர்ந்ததாகவும் பின்னால் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றார்.

"உங்க வேலை இன்னா ஆச்சு மாமா?"

அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "போயி ரொம்ப நாளாச்சு. எங்க டீமையே எடுத்துட்டாங்க. உங்கக்கா கிட்ட எப்டி சொல்றதுன்னு தள்ளிப் போட்டுக்கினே வந்தேன். எவ்ளோ எடத்துல போட்டுப் பாத்தேன் தெரியுமா? என் பேர்ல போனா, பழைய சம்பளம் இன்னான்னு கேப்பான், வயசப் பாப்பான், சொல்லி அனுப்பறோம்பான். அதே கேள்விக்கு அதே பதில அந்தப் பையன் பேர்ல சொன்னா வேல குடுக்கறான். நான் இன்னா பண்றது?"

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று நாங்கள் பார்க்கவில்லை. "பொம்பள விசயம்னு நெனச்சிக்கினு இருந்தேங்க," என்றாள். சிரிப்பு மாதிரி தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. "வேல போச்சுன்னு சொல்லியிருந்தா நான் இன்னா உங்கள வூட்ட வுட்டா தொரத்திடுவேன்?" அதற்குப்பின் பல நாட்கள் அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

அன்று மாலையே என் மேலதிகாரியை அழைத்தேன். வேறு ஆள் பேசினார், அவர் என் அக்காவின் கணவர் என்று சொன்னேன். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் என் லேப்டாப்பை ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் குரலும் என் குரலும் ஒரே வீட்டு இன்டர்நெட்டிலிருந்து வந்திருந்தது அவர்கள் பதிவில் தெரிந்தது. கேள்விகளை முன்கூட்டியே கொடுத்தாயா என்று கேட்டார்கள். இது பதிவில் தெரிந்துவிடும் என்பதால்தானே முந்திக்கொண்டு சொன்னாய் என்றும் கேட்டார்கள். பதிவில் அப்படித் தெரியும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அதை யாரும் நம்பவில்லை. நான் மற்றவர்களைப் பார்த்த அதே கண்ணால் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். விசாரணை முடியும்வரை என்னை நேர்காணல்களில் உட்காரவைக்கவில்லை. கடைசியில் தவறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நான் பரிந்துரைக்கும் ஆளை இன்னொருவர் ஒருமுறை சரிபார்ப்பது அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

மாமா அந்த ஏஜென்டிடம் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். உன் குரலை எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன், எந்தக் கம்பெனியிலும் கால்வைக்க முடியாது என்று அவன் மிரட்டினான். செய்தானா இல்லையா தெரியாது. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மாமா எடுப்பதில்லை.

இந்தக் குரல் மாற்றும் கூத்துகளால் அலுத்துப்போய்ப் பல கம்பெனிகள் கடைசிச் சுற்றுக்கு ஆளை நேரில் வரச்சொல்ல ஆரம்பித்தன. மாமாவுக்கு அது வழிவிட்டது. போனில் அவரை வெட்டிவிட்டவர்களால் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும்போது அவ்வளவு சுலபமாக எழுப்பி அனுப்ப முடியவில்லை. தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி அவரை எடுத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. அவரைவிட மிகவும் சின்னப் பெண் ஒருத்தி அவருக்கு மேலே. இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, வேலை தேடினேன் என்று மட்டும் சொன்னாராம். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அவரைப் போன்ற ஒருவர் நாளை என் முன்னால் வந்து அப்படிச் சொன்னால் நான் அதோடு விடமாட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னபோது அக்கா சரி என்றாள், அவ்வளவுதான். அவர் முதல் நாள் கிளம்பியபோது அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நானும் வரேன் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உத்திரமேரூர் போய் இருவரும் தாம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அவர் கட்டிடத்துக்குள் போனபிறகு அவள் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் வெளியே வந்தார். அவள் ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார். நடந்ததை அவளே எனக்குப் பிறகு சொன்னாள்.

"இன்னா, இன்னும் சந்தேகமா?" என்று கேட்டாராம்.

"ஆமா," என்றாளாம்.

அவர் கோபப்படவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள், பின்புறம் திருப்பியும் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவர் இரண்டு டீ சொன்னார். வேலை போனதிலிருந்து அவரோடு உட்கார்ந்து நிம்மதியாகக் குடித்த முதல் டீ அதுதான் என்றாள்.

மறுநாள் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.