ஏழில் தொடங்கும் எண்கள்

சம்சுன்னிசா இருபது வருடமாகக் கணினி நிரல் எழுதுகிறவள். கிளினிக்குகளில் வரிசை எண் அழைக்கும் மென்பொருளைச் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில், சிங்கப்பூரின் தெம்பனிஸில் வேலை. போன மார்ச்சில் காய்ச்சலென்று சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே திரையில் ஓடியது அவர்கள் மென்பொருள்தான்.

பக்கத்து நாற்காலியில் ரகுபதி என்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி, வெட்டுப்பட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் 7012 என்ற சீட்டு. சம்சுன்னிசா வந்து பத்தே நிமிடத்தில் அவள் எண்ணை அழைத்துவிட்டார்கள்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“எட்டரைக்கு அக்கா. எங்க நம்பர் கடைசியாத்தான் வரும். எப்பவும் அப்படித்தான்.”

மணி பன்னிரண்டரை. அவர் போகாமல் நான் போகமாட்டேன் என்று டாக்டர் அறை வாசலிலேயே நின்றாள் சம்சுன்னிசா. வேறு வழியில்லாமல் அவரை உள்ளே விட்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் அலுவலகத்தில் அந்த நிரலைத் திறந்தாள். எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் எது முன்னால் என்று சொல்லும் விதி அதில் இருந்தது. வந்த நேரத்தைப் பார்க்கும் முன்பே அது முதல் இலக்கத்தைப் பார்த்தது. ஏழில் தொடங்கினால் கடைசி. விடுதிகளில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த இலக்கம் ஏழு. ஐந்தே வரி, நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

நேராக மேலாளர் இளமாறனிடம் போனாள்.

“இதை யாரு எழுதச் சொன்னா?”

“கிளையன்ட் போன்ல கேட்டாங்க லா. அந்தத் தொழிலாளிங்களுக்கு அன்னைக்கு முழுக்க எப்படியும் எம்சி, லீவு சர்டிபிகேட் கிடைச்சிரும், வெயிட் பண்ணட்டும்.”

“கை கிழிஞ்சு வந்தவரு நாலு மணி நேரம் உக்காந்திருந்தாரு. நீங்க உக்காருவீங்களா?”

“சும்மா நம்பரை வரிசைப்படுத்துற ஒரு சார்ட்டிங்தானே, சம்சு.”

அந்த ‘சும்மா’வுக்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. திரும்பி வந்து ஐந்து வரிகளையும் அழித்தாள். அவசரமானவர்கள் முதலில், மற்றவர்கள் வந்த நேரப்படி என்று புதிய விதி எழுதி, காரணத்தையும் தன் பெயரையும் நிரலின் மாற்றப் பதிவில் போட்டாள். பழைய வரிசைதான் வேண்டுமென்றால், யார் கடைசியில் நிற்க வேண்டும், ஏன் என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கிளினிக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டவர்களுக்கு அதை எழுதிக் கேட்கத் துணிவில்லை. புதிய விதி நிலைத்தது. அடுத்த மாதமே இளமாறன் அவளை வேறு வேலைக்கு மாற்றினார். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

அவளைக் குடைந்தது வேறொன்று. நான்கு வருடத்தில் அந்த நிரல் கோப்பைத் திறந்து வேறு எதையோ திருத்திவிட்டு, அந்த ஐந்து வரிகளைத் தாண்டிப் போனவர்கள் பதினொரு பேர். பட்டியலில் அவள் பெயரும் இதற்கு முன்பே இரண்டு இடத்தில் இருந்தது.