கரும்புச் சக்கைச் சுவர்

என் அக்கா ருக்கையா லாத்தா சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு, ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஒரு மண்சுவர் எழுப்பினார். தோட்டத்தில் தோண்டிய களிமண், தேக்காச் சந்தையில் கரும்புச்சாற்றுக் கடையில் வீசியெறியும் சக்கை, இவ்வளவுதான் அதற்கான பொருள். சக்கையை இரண்டு பைகளில் ரயிலில் சுமந்துவருவார். கழுத்தளவு உயரம். அதன் நிழலில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து படம் வரைவதாக ஏற்பாடு.

பிள்ளைகள் வரவிருந்த நாளுக்கு முந்தின நாள் விடாத மழை. குடையோடு இறங்கிப் போன லாத்தா வெகுநேரமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரடியில் குந்தியிருந்தார். ஒரு வெடிப்பிலிருந்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தன. அதில் விரலை விட்டார். முழு விரலும் உள்ளே போய்விட்டது. எடுத்தபோது புளித்த வாடை.

சக்கையை ஊறவைத்து இனிப்பைப் போக்காமல் அப்படியே மண்ணோடு பிசைந்திருந்தார். பார்வைக்குக் காய்ந்திருந்ததே, அதை நம்பிவிட்டார். உள்ளே அது அழுகிக்கொண்டிருந்தது.

தோட்டக் குழுத் தலைவர் அருண்ராஜ் வந்தார். "போன வாரம்தான் அதிகாரிங்க வந்து பார்த்து ஓகே சொன்னாங்க லா. பயப்படாதீங்கக்கா."

"அவங்க வெளிய பார்த்தாங்க தம்பி. நான் உள்ள பார்த்துட்டேன்."

சுவரைச் சுற்றிக் கயிறு கட்டிவிடலாம் என்றார் அவர். நாலு வயதுப் பிள்ளை கயிற்றுக்கு நிற்குமா என்று கேட்டுவிட்டு, லாத்தா என்னைச் சுவரின் பின்பக்கம் கூப்பிட்டார். இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். இரண்டாவது தள்ளலிலேயே மொத்தச் சுவரும் சாய்ந்து, மறுநாள் பாய் விரிக்க இருந்த இடத்தில் அப்படியே விழுந்தது. இவ்வளவு சுலபமாக விழும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அன்று இரவு லாத்தா சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார். "உக்கார்ந்திருப்பாங்கல்ல" என்றார், சற்றுக் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

பிறகு, தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் சக்கையை ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, இன்னொரு சுவர் கட்டினார். இடுப்பளவுதான், அடிப்பகுதி அகலமாக. மூன்று மழைக்காலம் கண்டுவிட்டது. லாத்தா மார்ச்சில் மவுத்தானார்.

அவர் இறந்ததிலிருந்து, மழை பெய்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. நேற்றும் பெய்தது. இன்று காலை பிள்ளைகள் வருவதற்கு முன் இறங்கிப் போய்ச் சுவரடியில் நெடுக விரலால் அழுத்திப் பார்த்தேன். எங்கும் உள்ளே போகவில்லை. ஆசிரியை பாயோடு காத்திருந்தார். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் அழுத்திப் பார்க்கப் போனேன்.